ஓரத்தில் எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை

மகனே,

இன்றைக்குக் காலைப் பூசையில் உன் கலியாண ஓலை வாசிக்கப்பட்டது. உனக்குக் கலியாணம் என்று எனக்குத் தெரிந்ததே அப்போதுதான். பிரசங்கம் முடிந்ததும் சுவாமி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, தலவிலத் திருவிழாவுக்குப் புறப்படும் வண்டிகளைப் பற்றி அறிவித்தார். பிறகு இன்னொரு தாளை எடுத்தார். இந்தப் பங்கைச் சேர்ந்த இன்னாருடைய மகன் அல்போன்சுவுக்கும், கொழும்பில் இன்ன பங்கைச் சேர்ந்த இன்னாருடைய மகளுக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது, முதலாம் முறை ஓலை, என்றார். அந்த முதல் இன்னார் நான். என் பெயர் அந்த மனுஷனுடைய வாயில் வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற வரி வந்தபோது கோயில் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள்கூட முந்தானையைப் பிடித்தபடி பார்த்தாள். நான் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே கலியாணம் நடந்தாலும் பிறந்த பங்கிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும் என்ற சட்டம் இல்லாவிட்டால் இதுவும் எனக்குத் தெரியாமலே நடந்திருக்கும். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உனக்கு நான் எழுதிய கடிதங்களெல்லாம் உடைக்காமலே திரும்பி வந்துவிட்டன. அதனால் இதை உறையில் போடவில்லை. வெறும் தாளாக மடித்து, கருவாடு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிற லொறிக்கார முஸ்லிம் காக்காவின் கையில் கொடுக்கப்போகிறேன். வழியில் அவர் வாசித்தால் வாசிக்கட்டும். கொழும்பில் இருக்கிற நம் ஊரார் எவரும் வாசிக்கட்டும். நான் உனக்குச் செய்ததை ஊர் பார்க்கச் செய்தேன். இப்போது சொல்வதையும் ஊர் கேட்கச் சொல்வதுதான் முறை.

நம் கோயிலின் பழைய கதையை எழுதவேண்டும் என்ற விசர் எனக்கு எப்படிப் பிடித்தது என்று நீ ஒருமுறை கேட்டாய். அன்றைக்கு ஏதோ மழுப்பினேன். திருவிழாவுக்குத் திருவிழா ஒரே பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது என்பதுதான் நிசம். கோவாச் சுவாமிமாருக்கும் வெள்ளைச் சுவாமிமாருக்கும் இடையில் இந்தக் கோயில் யாருக்குச் சொந்தமென்று சண்டை நடந்த காலத்தில், சவேரி மூப்பர் என்ற புண்ணியவான் மாதாவின் சுருவத்தை வள்ளத்தில் ஏற்றி உச்சமுனைத் தீவுக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்தார், சுவாமியில்லாத வருஷங்களில் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தார், சாகக் கிடந்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்து செபித்தார், அவரில் பாவத்தின் நிழலும் விழவில்லை என்பார்கள். பாவத்தின் நிழல் விழாத மனுஷனை நான் எங்கும் கண்டதில்லை. செமினாரியில் இரண்டு வருஷம் படித்தவன் நான். விசுவாசத்தை விட்டுவிட்டுப் பழைய தாள்களைக் கிளறினேன் என்று ஊரில் சொன்னார்கள். அது பொய். ஆண்டவர் இந்தக் கரைக்கு வந்த வழி மெய்யாகவே எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஒரே நாளில் இரண்டு சுற்றுப்பிரகாரம் புறப்பட்டு, சந்தியில் முட்டிக்கொண்டு, மூப்பருடைய ஆட்கள் மற்றக் கட்சியில் செபம் சொல்லிக் கொடுக்கும் அண்ணாவியாருடைய கையை முறித்தார்கள் என்று அறிந்தபோது எனக்கு விசுவாசம் குறையவில்லை. இப்படிப்பட்ட முரடர்களின் கையில் கொடுத்தும் அது அழியாமல் என்னிடம் வந்து சேர்ந்ததே என்று அன்றைக்கு அழுதேன். உன் அம்மா சாட்சி.

அந்தக் கை முறிந்த கதையைப் பள்ளிக்கூட விழாவில் வாசித்ததுதான் என் முதல் தவறு. தவறு என்று சொன்னாலும் அதற்காக நான் இன்னும் வருத்தப்படவில்லை. சவேரி மூப்பரின் பேரன் கஸ்பார் மூப்பர் முன்வரிசைக் கதிரையிலிருந்து எழும்பினார். "மாஸ்டர், எங்கட அப்பப்பாவைச் சண்டியனாக்கிறதுக்கோ உங்களுக்குப் பள்ளிக்கூடம் தந்தது?" என்று கேட்டார். "நான் ஆக்கேல்ல மூப்பர், அவர் தானாத்தான் ஆனவர்," என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு விலையாகப் பள்ளிக்கூடம் போயிற்று. பதினெட்டு வருஷம் தலைமை ஆசிரியனாக இருந்தவனைச் சுவாமி ஒரு துண்டுக் கடிதத்தில் நிறுத்தினார். அதற்குப் பிறகு கல்பிட்டியில் ஒரு மரத்தடியில் மேசை போட்டு ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வாழ்ந்தோம். சுவாமியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் அவரிடமே அதைச் சொல்லியிருக்கிறேன்.

உச்சமுனைக்கு நாம் போன நாளை நீ மறந்திருக்கமாட்டாய். சுருவத்தோடு அந்தக் காலத்து ஞானஸ்நானப் புத்தகமும் தீவுக்குப் போனதென்றும், அது திரும்பி வரவேயில்லை என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு மீனவ வீட்டின் பெட்டகத்தில், பனையோலைப் பாயில் சுற்றி, கறையான் பாதி தின்ற நிலையில் அதைக் கண்டோம். கோவாச் சுவாமியின் கையெழுத்து, போர்த்துக்கேய பாஷை. எனக்குத் தெரிந்த இலத்தீனை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்துச் சொல்ல, என் கண் மங்கலென்று நீதான் கொப்பியில் எழுதினாய். அந்தப் பக்கம் வந்தபோது நான் வாசிப்பதை நிறுத்தினேன். நீ பேனையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாய். மதலேனாள் என்ற பெண்பிள்ளை, தாய் ஆலங்குடாவிலிருந்து வந்த விதவை, தகப்பன் இந்தக் கோயில் மூப்பர் சவேரி. மதலேனாள் என் அம்மா. தகப்பன் கடலில் போனவன் என்று சொல்லி ஊர் வளர்த்த பிள்ளை. செத்துப் போகும்வரை அவளும் அதையே சொன்னாள்.

பிறகு வாசித்துச் சொன்னேன், நீ எழுதினாய். நீ விரலை மடித்து எண்ணினாய். "அப்ப கஸ்பார் மூப்பரும் நீங்களும் ஒரே ஆளின்ட பேரப்பிள்ளைகள். அவர் மகன்வழி, நீங்க மகள்வழி. அவர் உங்களுக்கு மச்சான்!" என்றாய். பிறகு உன் முகம் சிவந்தது. "அப்ப றோசலின் எனக்கு முறைப்பெண்ணல்லோ, அப்பா." வள்ளத்தில் திரும்பி வரும்போது முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாய். கஸ்பார் மூப்பரின் மகள் றோசலினில் உனக்கு மனம் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஊர் முறைப்படி அதைவிடப் பொருத்தமான பெண் உனக்கு இல்லை. கோயில் சட்டப்படி மட்டும் இரத்த உறவு ஒரு தடை. அதற்கு ஆயர் ஆண்டகையிடம் விலக்குக் கேட்டால் கிடைக்கும். மச்சான் மச்சாளைக் கட்டுகிற நம் கரையில் அது யாரும் கேளாத புதினமல்ல. விலக்குப் பத்திரம் வராத மாதமில்லை. "சுவாமியிட்ட நீங்க தனியாக் கதைச்சு விலக்கு எடுத்துத் தாங்கோ அப்பா, மற்ற ஆட்களுக்குத் தெரிய வேண்டாம்," என்றாய். "நான் கதைக்கிறன்," என்றேன். வள்ளம் கரை தட்டியபோது மறுபடியும் கேட்டாய். மறுபடியும் ஓம் என்றேன்.

நான் கதைக்கவில்லை. ஏன் என்று மூன்று வருஷமாக எனக்கு நானே பல காரணம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு உனக்கு மெய்யானதைச் சொல்கிறேன். பெண் கேட்டு நாம் கஸ்பார் வீட்டுக்குப் போனது நினைவிருக்கிறதா? தேத்தண்ணியும் பாணும் சீனியும் வைத்தார்கள். யுத்த காலம், சீனி கூப்பனுக்குத்தான். அந்த வீட்டில் எங்களுக்காக எடுத்து வைத்தார்கள். அந்த மனுஷன், "தகப்பன்ட குற்றத்தைப் பொடியன்ட தலையில வைக்கேலுமா? உங்கட வேர் எங்க இருக்குதெண்டு தெரியாட்டியும் பொடியன் தங்கமான பொடியன், நான் தாறன்," என்றார். அது பெரிய மனது. இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது வேர் தெரியாதவன் என்ற சொல் மட்டும்தான். என் வேர் உன் வீட்டுக் கூரைக்குக் கீழேதான் இருக்குதடா என்று அந்த இடத்திலேயே கத்தவேண்டும்போல் இருந்தது. சிரித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன். வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்தேன். மறுநாளும் படித்தேன். சுவாமியிடம் போகவில்லை.

உனக்கும் றோசலினுக்கும் இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு நான் கோயிலில் எழும்பினேன். தடை அறிந்தால் சுவாமியிடம் தனியாகப் போய்ச் சொல்வதுதான் வழக்கம். கோயிலுக்குள் எழும்பி நின்று சொன்னவன் அதற்கு முன் இந்த ஊரில் இல்லை. "சுவாமி, தடை இருக்குது," என்றேன். "பூசை முடிய அறைக்கு வாரும், மாஸ்டர்," என்றார். "ஓலை வெளியில வாசிச்சனீங்க. தடையையும் வெளியில கேளுங்கோ," என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தேன். சவேரி மூப்பரின் பெயரை, விதவையின் ஊரை, என் அம்மாவின் பெயரை, ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் நிறுத்தி வாசித்தேன். என்னைப் பெற்றவளைக் கோயிலின் நடுவில் நிறுத்திவைத்து, கஸ்பாரை அடிக்க ஒரு தடியாக அவளைப் பிடித்தேன். கஸ்பார் எழும்பவில்லை. தலையைக் குனிந்தார். பெண்கள் பக்கத்தில் பாயில் இருந்த றோசலின் முக்காட்டை இழுத்து மூடினாள். நீ ஆண்கள் வாசலில் நின்றாய். உன் பக்கம் நான் திரும்பவில்லை.

வெளியே வந்தபோது நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "ஓரத்தில எழுதியிருந்ததை ஏன் வாசிக்கேல்ல, அப்பா?" பலர் என்னைத் திட்டினார்கள். சிலர் முதுகில் தட்டினார்கள். அந்தக் கேள்வியை நீ ஒருவன்தான் கேட்டாய். கேட்கக்கூடியவனும் நீ ஒருவன்தான், ஏனென்றால் அதை எழுதிய கை உன்னுடையது. அதே பக்கத்தின் ஓரத்தில், சின்ன எழுத்தில், சுவாமி எழுதிவைத்திருந்தார்: பிள்ளை தன்னுடையதென்று மூப்பர் எவரும் கேளாமல் தானே வந்து சொன்னார், தவசுகாலம் முழுவதும் கோயில் வாசலில் முழங்காலில் நின்று, உள்ளே போகிறவர்களிடமெல்லாம் தனக்காக மன்றாடச் சொன்னார், தாய்க்கும் பிள்ளைக்கும் தன் வலையில் ஒரு பங்கு கொடுத்து வருகிறார், பங்கு முழுவதும் அவரை மன்னித்தது, பிள்ளைக்கு இழிவு வராதபடி இனி இதை ஒருவரும் பேசாதிருக்கட்டும். அந்த ஊர் பேசவில்லை, மகனே. கட்சி பிரிந்து கை முறித்துக்கொண்ட அதே ஊர், இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டது. கடலில் போன தகப்பனை அவர்கள் என் அம்மாவுக்காக உண்டாக்கினார்கள். அடுத்த தலைமுறைக்கு மெய் தெரியாமலே போயிற்று. வேர் தெரியாதவன் என்று சொன்ன கஸ்பாருக்கும் ஒன்றும் தெரியாது. நம் கோயிலின் கதையில் நான் தேடித் திரிந்ததெல்லாம் அந்த ஓரத்தில் இருந்தது. அதை மறைத்துவிட்டு மேலே இருந்த மூன்று வரியை மட்டும் வாசித்தவன் நான். பாதி மறைக்கிறார்கள் என்று பிரசங்கிகளைக் குற்றம் சொன்ன அதே நான்.

அன்று பின்னேரம் நீ கஸ்பார் வீட்டுப் படலையில் விளக்கு வைக்கும்வரை நின்றாயென்று உன் அம்மா சொன்னாள். கதவு திறக்கவில்லை. காலையில் பஸ் ஏறிவிட்டாய். விலக்கு அதற்குப் பிறகும் எடுத்திருக்கலாம். சுவாமியே எழுதித் தருகிறேன் என்றாராம். பெண்ணுடைய முகத்தைச் சபையில் உரித்த வீட்டுக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? அந்த வருஷத் திருவிழாவில் மாதாவின் சுருவத்தைச் சுமக்கும் கூட்டுக்கு முன்கொம்பு தூக்க கஸ்பார் வரவில்லை. நாலு தலைமுறையாக அந்த வீட்டுத் தோள் தாங்கிய கொம்பு. கூப்பிடப் போனவர்களிடம், "எனக்குத் தகுதியில்லை, வேற ஆளைப் பாருங்கோ," என்றாராம். அதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம் வரும் என்று எத்தனை இரவு நினைத்திருக்கிறேன். வரவில்லை. உன் அம்மா அன்று முதல் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறாள். "மாஸ்டர், சோறு போட்டிருக்குது." அவ்வளவுதான் வீட்டில் கதை. ஞாயிறு தவறாமல் றோசலினிடம் போய் இருந்துவிட்டு வருவாள். அங்கே என்ன கதைக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

இந்தத் தவசுகாலத்தில் சுவாமியிடம் போய், அன்று நின்ற இடத்திலேயே நின்று மிச்சத்தை வாசிக்க விடும்படி கேட்டேன். "கோயில் உம்மட பள்ளிக்கூடமில்லை," என்றார். அதனால் பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது வாசலில் நின்று வாசித்தேன். "மாஸ்டர் திருப்பித் தொடங்கிட்டார், ஓடுங்கோடா," என்று ஒருவன் சொன்னான். சிரித்துக்கொண்டு போனார்கள். கஸ்பார் மட்டும் நின்றார். செருப்பைக் கையில் பிடித்தபடி கடைசிவரை கேட்டார். "திருப்பி வாசியுங்கோ," என்றார். வாசித்தேன். "வாசலில முழங்கால்ல நிண்டவரோ?" என்று கேட்டு, வாசற்படியைக் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "இதை அண்டைக்கே வாசிச்சிருந்தா நான் எழும்பி வந்து உம்மளைக் கட்டிப் பிடிச்சிருப்பன், மச்சான்." அந்தச் சொல்லால் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதை உனக்கு எழுதினேன். அந்தக் கடிதமும் திரும்பி வந்தது. நீ அதை உடைத்திருந்தால் இன்றைக்கு வேறு ஓலை வாசித்திருப்பார்களோ என்று யோசிக்கிறேன். யோசிக்க எனக்கு உரிமையில்லை.

கலியாணத்துக்கு என்னைக் கூப்பிடவேண்டாம். அம்மாவைக் கூப்பிடு, வருவாள். தனியாகப் பஸ்ஸில் வரப் பயம், யாரையாவது அனுப்பு. கட்டப்போகிற பெண்ணுக்கு நம் வீட்டுக் கதையை ஒளிக்காதே. சவேரி மூப்பரையும் சொல், என்னையும் சொல். என்னைச் சொல்லும்போது சுருக்கவேண்டாம். பிள்ளைகள் பிறந்தால் அவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப் போ. என் நிமித்தம் அந்தப் படியை வெறுத்துவிடாதே. பழைய தாள் ஏதும் கையில் கிடைத்தால், அதை யார் கேட்பதற்காக வாசிக்க ஆசைப்படுகிறாய் என்று உன்னையே கேட்டுக்கொள். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க நீ இருந்தாய். நான் கேட்கவிடவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இன்றைக்கே உட்கார்ந்தேன். ஓலை வாசித்த பிறகு நான் வாசலில் நிற்காமல் மதில் ஓரமாக நடந்தேன். பெண்கள் வாசலிலிருந்து றோசலின் வந்தாள். மூன்று வருஷத்தில் என் முன்னால் வந்து நின்றதில்லை. இரண்டு சம்பந்தம் வந்து இரண்டையும் வேண்டாமென்றவள். முகத்தில் அழுத அடையாளம் இல்லை. உன் அம்மா பின்னால் நின்றாள்.

"மாமா, அவருக்கு எழுதுவீங்களா?"

"எழுதினாத் திருப்பி அனுப்பிறான், பிள்ளை."

"இந்த முறை எழுதுங்கோ. சுவாமி ஓலை வாசிக்கேக்க நானும் உள்ளுக்குத்தான் இருந்தன். எனக்குத் தெரிஞ்ச தடை ஒண்டும் இல்லையெண்டு எழுதுங்கோ."

நான் தலையாட்டினேன். அவள் போகவில்லை.

"மற்ற ரெண்டு ஞாயிறும் வருவன். அப்பவும் ஒண்டும் சொல்லமாட்டன். அவரைப் பயப்படாமக் கலியாணம் கட்டச் சொல்லுங்கோ."

அவள் சொன்னது இவ்வளவும்தான், மகனே. ஒரு சொல்லும் விடாமல் எழுதியிருக்கிறேன்.

உன்னைப் பெற்றவன்